இரண்டு ஓரமும் தொட வேண்டிய ஒரு வரி

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் ஸ்கேல். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் திரையின் மேல் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? வெப்சைட் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. மாடிப்படி ஏறினால் இடது பக்கம் ஜெராக்ஸ் கடை, வலது பக்கம் இவர்கள். உள்ளே நாலு மேஜை, ஒரு முதலாளி, சத்தம் போடுகிற ஓர் ஏசி. அது குளிருமா என்று கேட்காதீர்கள், சத்தம் போடும் என்று மட்டும்தான் சொன்னேன்.

எழுத்துகளை அதனதன் இடத்தில் உட்கார வைப்பதுதான் அவர் வேலை. எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த வரி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று பிரௌசருக்கு எடுத்துச் சொல்லும் மொழிக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். கல்யாணமான புதிதில் அதை எனக்குப் புரிய வைக்க முயன்றார். புதுப் பெண் ஆயிற்றே என்று நானும் தலையாட்டினேன். அன்றைக்கு ஆட்டத் தொடங்கிய தலையை இன்னும் நிறுத்த விடவில்லை.

வீட்டிலும் அதே ஸ்கேல்தான். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. சமையலறையில் டப்பாக்களின் லேபிள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில்தான் போடுவார், ஆனால் கட்டிலின் விளிம்புக்கு இணையாகப் போடுவார். மெத்தை நனைவதைப் பற்றி சிஎஸ்எஸ்ஸில் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார் கவுண்டரில் உட்காருகிறேன். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, குழாய் உடைந்து தெருவெல்லாம் ஆறு என்று நாள் முழுக்க யாராவது என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் புகார் கொடுக்கிற இடத்தில் நான் இருக்கிறேன், கவுண்டரில் ஆள் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கதவில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. அதில் அவர் பெயரும் பெயருக்குப் பின்னால் அவர் படித்த படிப்பும் இருக்கும். எனக்குப் பார்சல் கொண்டு வருகிறவர் எங்கள் கதவைத் தாண்டிப் போய், எதிர் வீட்டில் என் பெயரைச் சொல்லி விசாரிப்பார். ஒருமுறை எதிர் வீட்டுக்காரர் 'அப்படி யாரும் இங்க இல்லையே' என்று திருப்பியே அனுப்பிவிட்டார். இத்தனை வருஷமாக அவர் மனைவியோடு தண்ணீர்க் கதை பேசிக்கொண்டிருக்கிறேன், என் பெயர் அவருக்குத் தெரியாது. அன்று மாலை, என் பெயரையும் கதவில் போடலாமே என்றேன். இவர் ஸ்கேலை எடுத்து வந்து பலகையை அளந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இடம் இல்லையேம்மா. ரெண்டு பேர் போட்டா நெரிசலா இருக்கும்."

அத்தோடு அந்தப் புகார் முடித்து வைக்கப்பட்டது.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தப் பல் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தது. டாக்டர், டாக்டரம்மா என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே பல் வைத்தியம் படித்தவர்கள். ஒரே வகுப்பு. டாக்டர் படிப்பு முடித்ததும் தன் பெயரில் பலகை மாட்டிக்கொண்டார். டாக்டரம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் ஊர் அவரை 'டாக்டர் வீட்டம்மா' என்றே கூப்பிட்டது. இப்போது வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவரைக் கூப்பிட்டிருக்கிறது. போகிறேன் என்று அவர் பெட்டியைக் கட்டத் தயாரானதும், டாக்டருக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, இங்கேயே சேர்ந்து நடத்தலாம், புதுக் கட்டடம், இரண்டு அறை, இரண்டு நாற்காலி என்று இறங்கி வந்தார்.

டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எங்கெல்லாம் அவர் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் தன் பெயரும் சமமாக இருக்க வேண்டும். திறப்பு நாள் வரை பார்ப்பேன், சரியில்லை என்றால் அந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

வெப்சைட்டின் உச்சியில் ஒரே வரி. இடது ஓரத்தைத் தொட்டபடி டாக்டர் பெயர், வலது ஓரத்தைத் தொட்டபடி டாக்டரம்மா பெயர், இடையில் ஒரு பல் படம். பல்லுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவு. நாடுகள் எல்லை பிரிக்கும்போதுகூட இவ்வளவு பேச்சுவார்த்தை நடந்திருக்காது. முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஸ்கேல், இந்தப் பல் வேலை சொதப்புச்சுன்னா நீ அந்த ஸ்கேலை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று அன்போடு ஊக்கப்படுத்தினார்.

ஒரு வரியை இரண்டு ஓரமும் தொட வைப்பதில் என்ன பெரிய வித்தை என்று நானும் அலட்சியமாகக் கேட்டுவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வரியின் இரண்டு ஓரமும் சமமாக நிற்க ஜஸ்டிஃபை என்று ஒரு கட்டளை இருக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலுள்ள இடத்தை அது இழுத்து, வரியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் பத்தியின் கடைசி வரியில் மட்டும் கை வைக்காது. கடைசியில் இரண்டே சொல் மிஞ்சினால் அதையும் இழுத்துக் கட்டினால் பார்க்கச் சகிக்காது என்று விட்டுவிடும். அதுவரை நியாயம். ஆனால் மொத்தமே ஒரு வரிதான் என்றால்? முதல் வரியும் அதுதான், கடைசி வரியும் அதுதான். பிரௌசர் அதைக் கடைசி வரி என்று பார்த்துக் கையை விரித்துவிடும். டாக்டரம்மா பெயர் வலது ஓரத்துக்குப் போகாமல் பல்லை ஒட்டிக்கொண்டு நடுவழியில் நிற்கும்.

கடைசி வரியையும் சேர்த்து இழு என்று தனியாக ஒரு கட்டளை உண்டாம். சில பிரௌசர் அதற்குக் கீழ்ப்படியும். சில பிரௌசர் காதிலேயே போட்டுக்கொள்ளாது. டாக்டர் மேஜையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் இந்த இரண்டாவது ரகம். அதை மாற்றச் சொன்னால், "நல்லாத்தானே ஓடுது" என்கிறார் டாக்டர். ஆடுகிற பல்லை மட்டும் யோசிக்காமல் பிடுங்குவார்.

பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு என் வீட்டுக்காரர் ஒரு தந்திரம் செய்தார். அந்த வரிக்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத ஒரு பெட்டியை முழு அகலத்துக்கு வைத்தார். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிரௌசர் அதைப் பார்த்து, கீழே இன்னொரு வரி இருக்கிறது, அப்படியானால் மேலே இருப்பது கடைசி வரி இல்லை என்று நம்பிவிடும். நம்பி, மேல் வரியை அழகாக இழுத்துக் கட்டும். எல்லாப் பிரௌசரும், டாக்டர் மேஜையில் இருந்த கிழம் உட்பட, இந்தப் பொய்யை நம்பின.

"பாத்தியா? கீழ இருக்கற வரி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா அது இருக்கறதாலதான் மேல் வரி நிமிந்து நிக்குது" என்று சாப்பாட்டு மேஜையில் வெற்றிக் களிப்போடு சொன்னார்.

"ஓஹோ" என்று சொல்லிவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

கண்ணுக்குத் தெரியாத வரியானாலும் அதுவும் இடத்தை அடைத்தது. பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றிடம் பல்லிளித்தது. டாக்டர் அதையும் கண்டுபிடித்துக் கேட்டார். இவர் உடனே அந்தத் தலைப்புக்கு ஒரு வரி உயரம் என்று கணக்காக வரம்பு கட்டி, அதற்குக் கீழே எது வந்தாலும் மறைத்துவிடு என்று உத்தரவு போட்டார். வெற்றிடம் மறைந்தது. அலுவலகத்தில் இருந்த எல்லா கம்ப்யூட்டரிலும் எல்லா போனிலும் ஸ்கேலை வைத்து அளந்தார். முதலாளி தட்டிக்கொடுத்தார். டாக்டரும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு போனில் பார்த்து, ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அவர்கள் ஒரே நேரத்தில் தலையாட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

திறப்புக்கு முந்திய நாள் நானும் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எனக்கும் ஒரு கடைவாய்ப் பல் வலி கொடுத்துக்கொண்டிருந்தது. அதுவும் போக, எங்கள் வீட்டில் இத்தனை நாள் பேசப்பட்ட ஒரே வரி எப்படித்தான் இருக்கிறது என்று ஓர் ஆசை. பார்த்தேன். டாக்டர் பெயர் இருந்தது. பல் இருந்தது. அவ்வளவுதான்.

"என்னங்க, டாக்டரம்மாவைக் காணோம்?"

போனை வாங்கிப் பார்த்தார். ஒரு வினாடி முகம் மாறியது. பிறகு தெளிந்துவிட்டது.

"நீ எழுத்தை இவ்வளவு பெருசா வச்சிருந்தா எப்படி? வரி ரெண்டா மடியுது. கீழ போனது மறைஞ்சிடுச்சு. உன் போன்லதாம்மா கோளாறு."

"கவுண்டர்ல நாள் பூரா பொடி எழுத்தைப் பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு. அதான் பெருசா வச்சிருக்கேன்."

"அது உனக்கு. இப்படி யாரு வச்சிருப்பா?"

யாரு வச்சிருப்பா! நான் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்த செய்திதான், பித்தளையிலேயே எழுதி மாட்டியிருக்கிறது. இருந்தாலும் புகாரைப் பதிவு செய்தேன், இனி உங்கள் பாடு என்று போனை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது பெயிண்ட் வாசனை. வாசலில் பூச்சாடிகள். வரவேற்பறை நிரம்பி வழிந்தது, ஆனால் எல்லோரும் ஒரே கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அறைக் கதவு. பக்கத்தில் டாக்டரம்மா அறை திறந்தே கிடந்தது. உள்ளே அவர் வெள்ளைக் கோட்டில், ஏற்கெனவே நேராக இருந்த கருவிகளை மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தார்.

வந்திருந்தவர்களைப் பார்த்தேன். பல் ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள்? பல் போனவர்கள். பல் போகிற வயதில் கண் மட்டும் பளிச்சென்று இருக்குமா? ஒருவர் பாக்கியில்லாமல் போனில் எழுத்தைக் கொட்டை கொட்டையாக வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவரின் போனில் ஒரு நேரத்துக்கு நாலு சொல் தெரிந்தால் அதிகம்.

"இந்த அம்மா யாருங்க, நர்ஸா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

டாக்டரம்மா காதில் அது விழுந்தது. கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியை ட்ரேயில் வைத்தார், சத்தமில்லாமல்.

நான் எழுந்து நேராக அவர் அறைக்குப் போனேன். வலி ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். அவர் பொறுமையாகப் பார்த்தார், ஈறில் ஊசி போட்டார், மரத்துப்போகும் வரை சாய்ந்திருக்கச் சொன்னார். அப்போதுதான் கேட்டார்.

"எல்லாரும் அவருக்குக் காத்திருக்காங்க. நீங்க மட்டும் எப்படி இங்க வந்தீங்க? வெப்சைட்ல என் பேரைப் பாத்தீங்களா?"

என் மடியில் போன் இருந்தது. அதில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும், முகத்தில் கோபம்கூட வரவில்லை. எதிர்பார்த்த தண்ணீர் வராத வீட்டில் குழாயை மூடுவார்களே, அந்த மாதிரி ஒரு முகம். கவுண்டரில் எனக்குப் பழக்கமான முகம் அது.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் அவர்கிட்ட" என்றார். "எனக்கு ஒரு பக்கம் காட்டிட்டு, ஊருக்கு வேற பக்கம் காட்டியிருக்கார்." கையுறையைக் கழற்றினார். மேஜையிலிருந்து தன் போனை எடுத்து, அந்த வேறு ஊர் ஆஸ்பத்திரியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

நான் இப்போது என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒரு குடும்பம் இரண்டு ஊராகப் பிரியும், அதுவும் அந்த டாக்டர் செய்யாத தப்புக்கு. வாயைத் திறந்தால் என் வீட்டுக்காரர் ஸ்கேலோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், வாயைத் திறந்தாலும் அது என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. கீழ் உதடு யாருடையதோ போல் தொங்கியது.

திறந்தேன். அது அவர் வேலை இல்லை, என் வீட்டுக்காரர் வேலை என்றேன். எச்சில் வழிய வழிய, பாதி நாக்கை வைத்துக்கொண்டு, ஜஸ்டிஃபை என்றால் என்ன, கடைசி வரியைப் பிரௌசர் ஏன் மதிக்காது, கீழே ஒரு காலி வரியை ஏன் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது, அதை மறைக்கப்போய் டாக்டரம்மா எப்படி மறைந்தார் என்று முழுவதும் சொல்லி முடித்தேன். இத்தனை வருஷம் சும்மா தலையாட்டியதாகத்தான் நினைத்திருந்தேன், பாழாய்ப்போன பாடம் உள்ளே இறங்கியிருக்கிறது. என் போனில் எழுத்தைச் சின்னதாக்கியும் காட்டினேன். பல்லுக்கு அந்தப் பக்கம் அவர் பெயர் வந்து நின்றது.

டாக்டரம்மா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மோவாயைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார். "அதுவரைக்கும் நான் போன் பண்ணல."

என் வீட்டுக்காரர் லேப்டாப் பையோடு ஓடி வந்தார். பையிலிருந்து ஸ்கேல் எட்டிப் பார்த்தது. சொல்ல எனக்கு வாய் இல்லை. வரவேற்பறையைக் காட்டினேன். பெரியவரிடம் போனை வாங்கிப் பார்த்தார். அடுத்தவரிடம் வாங்கினார். அதற்கடுத்த அம்மாவிடம் வாங்கினார். எல்லாவற்றிலும் டாக்டரும் பல்லும் மட்டும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"எழுத்தைச் சின்னதாக்கிப் பாருங்களேன்" என்றார் பெரியவரிடம், கடைசி முயற்சியாக.

"சின்னதாக்குனா எனக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. உங்களுக்கு ஒருத்தர் பேர்தான் தெரியல."

சத்தம் கேட்டு டாக்டரும் வெளியே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா நான் சொல்லலம்மா" என்று மனைவியைப் பார்த்துக் கெஞ்சினார். டாக்டரம்மா பதில் சொல்லாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஒரு சால்ஜாப்பு சொல்லிப் பூசி மெழுகுவார் என்று நான் காத்திருந்தேன். பழைய பிரௌசர், பெரிய எழுத்து, பழைய போன் என்று அவரிடம் கைவசம் நிறைய இருந்தது.

"என் தப்புதான் டாக்டர்" என்றார். அதை டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நேத்தே வீட்ல சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

இத்தனை பேர் முன்னால் அவர் அப்படிச் சொன்னதும், மோவாயைத் துடைத்த பஞ்சு என் கண்ணுக்கும் போனது. பல் ஊசியால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நல்லது.

சுத்தமாகப் பல் விளக்குவது எப்படி என்ற படத்துக்குக் கீழே உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் அந்த ஒரு வரி வரம்பை நீக்கினார். வரி மடிந்தால் பெயருக்கு ஒரு வரி என்று பிரித்து, இரண்டும் இரண்டு ஓரத்தையும் தொடும்படி செய்தார். டாக்டர் பெயர் பட்டத்தோடு நீளம், அது வரியை நிரப்பிக்கொண்டது. டாக்டரம்மா பெயர் சின்னது. 'டாக்டர்' என்ற சொல் இந்த ஓரத்திலும் பெயர் அந்த ஓரத்திலுமாக, நடுவில் ஓர் ஆள் படுக்கலாம் போல இடம்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாக, "அவங்க பேரை மேல போடுங்க, என் பேர் கீழ இருக்கட்டும்" என்றார்.

"மேலயா கீழயான்னு நான் எப்பவாவது கேட்டனா?" என்றார் டாக்டரம்மா. "இருக்கணும்னுதான் கேட்டேன்."

அவர் தன் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதுக் கையுறை மாட்டி, "வாங்க, பல்லைப் பாதியில விட்டுட்டோம்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போகும்போது பெரியவர் எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார். கொள்கை மாற்றம் எல்லாம் இல்லை, இங்கே கூட்டம் குறைவு என்று கண்டுபிடித்திருந்தார்.

முதலாளி இவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. கத்தினார், மேஜையைத் தட்டினார். பிறகு, அந்தக் காலி வரித் தந்திரம் தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இப்போது எந்தப் பக்கம் முடிந்தாலும் அலுவலகத்திலிருந்து எனக்கு அனுப்புகிறார்கள், என் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல. இந்தக் கவுண்டருக்குச் சம்பளம் கிடையாது.

அந்த வார லீவு நாளில் நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கதவில் பித்தளைப் பலகை இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு நீளக் காகிதம். இடது ஓரத்தைத் தொட்டபடி என் பெயர், வலது ஓரத்தைத் தொட்டபடி அவர் பெயர், படிப்பைக் காணோம். அவர் கையில் ஸ்கேலோடு பக்கத்தில் நின்றார்.

"நெரிசலா இருக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

பித்தளையில் செய்யச் சொல்லியிருக்கிறாராம், வரும் என்கிறார். காகிதம் தலைமுடி அளவுகூடச் சாயாமல் நிற்கிறது. அளந்ததில் காட்டிய அக்கறையைப் பசையில் காட்டவில்லை, என் பெயர் இருக்கிற மூலை மட்டும் வெயிலில் கிளம்பிக் கிளம்பி வருகிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலால் அதை அழுத்திவிட்டுப் போகிறேன். இது பற்றிப் புகார் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கவுண்டரில் ஆள் இருக்கிறது.